பூட்டின படமும் பூட்டின ஆபீஸும்: லீவு சீசன்ல ஒரு திரைப்பட விழா



வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்துல நான் பாக்குற திரைப்பட விழா வேலையைப் பத்திப் போன எபிசோட்ல கொஞ்சம் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல பாதி "எந்தெந்த ஸ்டாரைப் பாத்தீங்க?" ரகம். யாரையும் பாக்கல. ரெட் கார்ப்பெட்ல அவங்க நடக்குற நேரத்துல நான் ப்ரொஜெக்‌ஷன் ரூம்ல நின்னு, ப்ரோக்ரஸ் பார் 64 சதவீதத்துல இருந்து 65-க்குப் போகுதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். மீதிப் பாதி உருப்படியான கேள்விகள்: படம் எப்படித்தான் தியேட்டருக்கு வருது, டிக்கெட் எல்லாம் வித்துத் தீர்ந்த ஷோ ஏன் கடைசி நிமிஷத்துல நின்னு போகுது, யூனி லீவுல இந்த வேலைக்கு வரலாமா, காசு தருவாங்களா. மைக் முன்னாடி இதை எல்லாம் விளக்கப் போனா ரெண்டு மணி நேரம் ஆகும். அதனால எழுதிட்டேன்.

முதல்ல இடமும் காலமும். நான் இருக்குறது சிட்னியில. இங்க டிசம்பர், ஜனவரி நல்ல வெயில் காலம். பள்ளிக்கூட லீவு ஜனவரிக் கடைசி வரைக்கும் போகும். மக்கள் கையில நேரம் இருக்கு, சாயங்காலம் வெளியில உட்கார முடியும். விழா வைக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. 1991-ல ஆரம்பிச்ச ஃபிளிக்கர்ஃபெஸ்ட் குறும்பட விழா பாண்டாய் கடற்கரையில நடக்குறது ஜனவரியிலதான். பெர்த்ல விழாக்காரங்க திறந்தவெளியில போடுற படங்கள் கோடை முழுக்க ஓடும். உலகத்துல வேற இடங்கள்லயும் இப்படித்தான்: சென்னையிலயும் திருவனந்தபுரத்துலயும் டிசம்பர்ல, அமெரிக்காவுல சன்டான்ஸ் ஜனவரியில, நார்வேயோட வடக்குல ட்ரோம்சோவுலயும் ஜனவரியில. நான் வேலை பாக்குற விழாவோட பேரை மட்டும் சொல்லப் போறதில்ல. கீழ சில குறைகளைப் பேசணும்.

பாக்குறவங்களுக்கு லீவு, வேலை செய்யுறவங்களுக்கு சீசன். இது ஹோட்டலுக்கும் பொருந்தும், ஏர்போர்ட்டுக்கும் பொருந்தும். திரைப்பட விழாவுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் கூடவே வருது. விழாவுக்குப் படம் தரவேண்டிய விநியோக ஆபீஸ், சாவி தரவேண்டிய லேப், நெட்வொர்க் திறந்துவிட வேண்டிய ஐடி டீம், இவங்க எல்லாருமே அதே ரெண்டு வாரம் லீவுல இருப்பாங்க. சாவின்னு சொன்னது உவமை இல்ல. நிஜமாவே சாவி. அதுக்கு முன்னாடி படம்னா என்னன்னு பாத்துருவோம்.

தியேட்டருக்கு வர்ற படம் ஒரு எம்பி4 ஃபைல் இல்ல. அதுக்கு டிசிபின்னு பேர், டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். ஹாலிவுட்டோட பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2002-ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, 2005-ல இதுக்கான முதல் விதிமுறையை வெளியிட்டாங்க. டிசிபிங்கிறது ஒரு ஃபோல்டர். உள்ள படத்துக்கு ஒரு ஃபைல், ஒலிக்கு ஒரு ஃபைல், எதை எந்த வரிசையில ஓட்டணும்னு சொல்ற சின்னச் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்கள். யூடியூப் வீடியோவுல முந்தின ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் சேமிச்சு இடத்தை மிச்சம் பிடிப்பாங்க. டிசிபியில அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா முழு ஜேபெக் 2000 படம். நொடிக்கு 24. ரெண்டு மணி நேரப் படம்னா 1,72,800 படங்கள். நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் போகலாம்னு விதி. அந்த உச்சத்துலயே போனா ரெண்டு மணி நேரத்துக்கு 225 ஜிபி. ஒலியைச் சுருக்குறதே இல்ல.

இது ஹார்ட் டிஸ்க்ல வரும், இல்ல நெட்ல இறங்கும். டிஸ்க்கை ரொம்ப நாளாவே லினக்ஸோட இஎக்ஸ்டி2, இஎக்ஸ்டி3 வகையிலதான் ஃபார்மேட் பண்றாங்க. விண்டோஸ் லேப்டாப்ல சொருகினா, "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணட்டுமா?"ன்னு அன்பாக் கேக்கும். விழாவுல சேர்ற ஒவ்வொரு புது ஆளுக்கும் நாங்க சொல்ற முதல் வாக்கியம்: அதுக்கு ஆமான்னு சொல்லாதீங்க.

டிஸ்க்ல இருந்து தியேட்டர் சர்வருக்கு ஏத்துறதை இன்ஜெஸ்ட்னு சொல்லுவோம். எங்க தியேட்டர்ல ஒரு முழுநீளப் படத்துக்கு ஒரு மணியில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். ஏத்தும்போதே ஒவ்வொரு ஃபைலோட ஹேஷும் சரியா இருக்கான்னு சர்வர் பாத்துக்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துரும். நாப்பது படம், ஒரு தியேட்டர், பகல்ல ஷோ ஓடிட்டு இருக்கும்போது இன்ஜெஸ்ட் பண்ணினா சர்வர் திணறும். அப்போ ராத்திரிதான் வேலை. என் ராத்திரிகள் போற வழி இதுதான். இன்னொண்ணு, தியேட்டரும் விழாவும் ஒரே ஆபீஸ் இல்ல. விழா தியேட்டரை வாடகைக்கு எடுக்குது. ராத்திரி ஒரு மணிக்கு ஏசியை யார் நிறுத்துவாங்கன்னு முன்கூட்டியே பேசி வைக்கணும். ஜனவரியில அந்த ரூம் அடுப்பு.

இப்போ சாவிக்கு வருவோம். டிசிபியைப் பெரும்பாலும் என்கிரிப்ட் பண்ணித்தான் அனுப்புவாங்க. அதைத் திறக்க கேடிஎம்னு தனியா ஒரு ஃபைல் மெயில்ல வரும். சில கிலோபைட்தான். இருநூறு ஜிபி படத்தை அந்தச் சின்ன எக்ஸ்எம்எல் இல்லாம ஒரு நொடி கூட ஓட்ட முடியாது.

கேடிஎம்மைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் ரயில் ரிசர்வேஷன் டிக்கெட்டை நினைச்சுக்கோங்க. அதுல எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தத் தேதின்னு போட்டிருக்கும். கேடிஎம்லயும் மூணு விஷயம் இருக்கு. எந்தப் படத்தோட எந்தப் பதிப்பு: சப்டைட்டில்ல ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திப் புதுசா அனுப்பினா அது வேற பதிப்பு, பழைய சாவி செல்லாது. எந்த சர்வர்: ஒவ்வொரு தியேட்டர் சர்வருக்குள்ளயும் மீடியா பிளாக்னு ஒரு பலகை உண்டு, அதுக்குன்னு தனிச் சான்றிதழ் உண்டு, அந்தச் சான்றிதழால மட்டுமே திறக்குற மாதிரி சாவியைப் பூட்டியிருப்பாங்க. மூணாவது, எப்போ இருந்து எப்போ வரைக்கும்.

ரெண்டாவது விஷயத்தால என்ன ஆகும்னா, கூட்டம் அதிகமா வருதுன்னு படத்தை ரெண்டாம் ஸ்கிரீன்ல இருந்து நாலாம் ஸ்கிரீனுக்கு மாத்த யாராவது ஆசைப்பட்டா, சாவி செல்லாது. டிக்கெட் நல்ல டிக்கெட்தான், பெட்டி வேற. நிகழ்ச்சி மேனேஜருக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகும். "அதே கட்டடம்தானே?"ம்பாங்க.

மூணாவதுலதான் ஆஸ்திரேலியாக்காரங்க மாட்டுவோம். சாவியோட நேரத்தைக் குறிக்கும்போது யுடிசியில இருந்து எத்தனை மணி தள்ளின்னும் சேர்த்துத்தான் எழுதியிருக்கும். சாவியைச் செய்யுறவர் லாஸ் ஏஞ்சலஸ்ல உட்கார்ந்துக்கிட்டு, "ஜனவரி 10 ஷோவா? சரி, 10-ஆம் தேதி பூஜ்ஜிய மணியில இருந்து"ன்னு தன் ஊர் நேரத்துல போட்டுட்டார்னு வைங்க. ஜனவரியில சிட்னி அவரைவிட 19 மணி நேரம் முன்னாடி. அவருக்கு நள்ளிரவுங்கிறது நமக்கு அன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணி. நம்ம ஷோ ஆறரைக்கு. ஹால் நிறைய ஆள், டைரக்டர் மேடையில பேசி முடிச்சுட்டார், சர்வர் மட்டும் "இன்னும் நேரம் வரல"ன்னு அரை மணி நேரம் நிக்கும். அன்னைக்குக் காலையில டெஸ்ட் பண்ணவும் முடியாது, அதே காரணம்.

கடிகாரத்தை மாத்திட்டா? உங்கள்ல பாதிப் பேர் இப்போ அதைத்தான் யோசிச்சிருப்பீங்க. எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. ஸ்டுடியோக்களும் யோசிச்சுட்டாங்க. மீடியா பிளாக்குக்குள்ள பேட்டரியோட ஒரு பாதுகாப்புக் கடிகாரம் இருக்கு. அதை ஒரு வருஷத்துக்கு மொத்தமா ஆறு நிமிஷம் மட்டும்தான் முன்னபின்ன நகர்த்தலாம்னு விதி. கடிகாரம் தானா மெதுவா விலகிப் போறதைச் சரி பண்ண அந்த ஆறு நிமிஷம் போதும். ஏமாத்தப் பத்தாது. பலகையைத் திறந்து நோண்டினா உள்ள இருக்குற ரகசியச் சாவி தானா அழிஞ்சிரும். ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளா எனக்கு இந்த டிசைன் மேல மரியாதை உண்டு. ஷோ ராத்திரி எட்டு மணிக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறையும்.

புதுசா சாவி செய்ய லேப்ல ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். ஆனா உரிமை வெச்சிருக்குறவர் "கொடுக்கலாம்"னு சொல்லாம எந்த லேப்பும் தராது, தரவும் கூடாது. டிசம்பர் 24 மதியத்துல இருந்து ஜனவரி முதல் திங்கள் வரைக்கும் அந்த "கொடுக்கலாம்"ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ற ஆள் பனிச்சறுக்குல இருப்பார்.

இதை எல்லாம் கட்டி மேய்க்கிறவங்களுக்கு விழாவுல பிரின்ட் ட்ராஃபிக்னு பேர். படச்சுருள் காலத்துப் பேர், அப்படியே தங்கிருச்சு. அப்போ ஒரு படம்னா அஞ்சாறு ரீல், தகரப் பெட்டி, கூரியர், கஸ்டம்ஸ். எங்க பிரின்ட் ட்ராஃபிக் அம்மா அந்தக் காலத்துல இருந்தே இதைப் பாக்குறவங்க. அவங்களோட எக்ஸெல் ஷீட்தான் விழாவோட உண்மையான தலைமை ஆபீஸ்னு நான் சொல்லுவேன். அதுல ஒரு காலம்: "ஆஃபீஸ் எப்போ மூடுது". எல்லாரும் ஷோ தேதியில இருந்து பின்னோக்கி எண்ணுவாங்க. அவங்க அந்தந்த ஆபீஸ் மூடுற தேதியில இருந்து பின்னோக்கி எண்ணுவாங்க. ஜனவரி 12 ஷோவுக்கு டிசம்பர் 17-க்குள்ள சாவி கைக்கு வரணும், 18-ஆம் தேதிக்குள்ள நான் டெஸ்ட் பண்ணிச் சொல்லணும், 19-ஆம் தேதி தப்பு இருந்தா கேக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஷீட்டையும் தாண்டி ஒண்ணு நடந்துச்சு. வாடகைக்கு எடுத்த தியேட்டர் நவம்பர்ல ரிப்பேருக்காக மீடியா பிளாக்கையே மாத்தியிருந்தாங்க, விழாவுக்குச் சொல்லல. புதுப் பலகைன்னா புதுச் சான்றிதழ். அந்த ஸ்கிரீனுக்கு வந்திருந்த அத்தனை சாவியும் ஒரே அடியில வெத்துக் காகிதம். டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி டெஸ்ட் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது. பதினோரு படம். அடுத்த நாள் காலையில ஒன்பது பேர் புதுச் சாவி அனுப்பிட்டாங்க. பத்தாவது கிறிஸ்துமஸ்க்கு அப்புறம் வந்துச்சு. பதினொண்ணாவது ஐரோப்பாவுல ஒரு சின்ன ஆபீஸ், மெயில் போட்டா "ஜனவரி 6-ஆம் தேதி சந்திப்போம், இனிய விடுமுறை"ன்னு தானியங்கிப் பதில். எங்க ஷோ 5-ஆம் தேதி.

பிரின்ட் ட்ராஃபிக் அம்மா திரும்ப மெயில் போடல. அந்தப் படம் இதுக்கு முன்னாடி எந்த விழாவுல ஓடுச்சுன்னு பாத்தாங்க, அங்க இதே வேலை பாக்குற சிநேகிதிக்கு ஃபோன் போட்டாங்க, எந்த லேப்னு கேட்டாங்க, டைரக்டரோட நம்பரை வாங்கினாங்க. டைரக்டர் தன் அம்மா வீட்டுல விருந்துல இருந்தார். தயாரிப்பாளரைப் பிடிச்சு, லேப்புக்கு ஒரு வரி மெயில் போட வெச்சார். எங்க ஊர் விடியக்காலை மூணு மணிக்கு சாவி வந்துச்சு. இந்த மாதிரி ஒரு ராத்திரியைச் சமாளிச்சது எந்த சாஃப்ட்வேரும் இல்ல, இருபது வருஷமா சேர்த்து வெச்ச ஃபோன் நம்பர்கள்.

குறும்படங்கள் இதுல ஒரு வகையில நிம்மதி, நிறைய பேர் பூட்டாமலே அனுப்புவாங்க. வேற வகையில தலைவலி. ஒரு ஷோவுல எட்டுப் படம்னா எட்டு விதமான சத்த அளவு, எட்டு விதமான படச் சட்டம். ஒருத்தர் லேப்டாப் ஹெட்ஃபோன்ல மிக்ஸ் பண்ணியிருப்பார், வாயில கதவு சாத்துற சத்தத்துக்கே முதல் வரிசை துள்ளும். எல்லாத்தையும் முன்னாடியே ஓட்டிப் பாத்துக் குறிச்சு வைக்கணும். சப்டைட்டிலும் அப்படித்தான். தமிழ்ல சப்டைட்டில் போடுற ஆசை உள்ளவங்க யாராவது இருந்தா என் அறிவுரை: எழுத்தா அனுப்பி சர்வரை நம்பாதீங்க, ஒவ்வொரு வரியையும் படமாவே மாத்தி அனுப்புங்க. "கொ"வுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிக்கணும்னு நிறைய சர்வர்களுக்குத் தெரியாது.

படத்தை விட்டா அடுத்தது நெட்வொர்க். பெரிய நிறுவனங்கள்ல வேலை பாத்தவங்களுக்கு சேஞ்ச் ஃப்ரீஸ் தெரிஞ்சிருக்கும். டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் எந்த மாற்றமும் கூடாது. எது உடைஞ்சாலும் சரி பண்ண ஆள் இல்ல, அதனால தொடாதே. அவங்க பக்கம் நியாயம்தான். ஆனா விழாவுக்கு இடம் தர்றது ஒரு கவுன்சிலோ யூனிவர்சிட்டியோ. அவங்க வைஃபை நம்ம டிக்கெட் ஸ்கேனரை உள்ள விடாது, ஒரு விதியைத் திறந்து விடணும், அதுக்கு டிக்கெட் போட்டா "ஜனவரி 19-க்கு மேல பாப்போம்"னு வரும். விழா 18-ல முடியுது. அதனால நான் இப்போ கேக்குறதே இல்ல. மொபைல் சிம் போட்ட ரெண்டு ரவுட்டர், வேற வேற கம்பெனி சிம், ஸ்கேனர்கள்ல ஆஃப்லைனா அன்னன்னைக்கு டிக்கெட் பட்டியல். கடற்கரை ஓரமா ஆயிரம் பேர் ஒரே டவர்ல வீடியோ போட்டுக்கிட்டு இருக்கும்போது அந்த ஆஃப்லைன் பட்டியல்தான் வரிசையை நகர்த்தும்.

திறந்தவெளி ஷோன்னா சூரியன்தான் மேனேஜர். ஜனவரி ஆரம்பத்துல சிட்னியில சூரியன் மறையவே எட்டு மணி தாண்டும், எட்டரைக்கு முன்னாடி திரையில ஒண்ணும் தெரியாது. படம் முடிய பத்தரை. அப்புறம் கேபிள் சுத்தணும். திரை கட்டுறதை பம்ப் இன்னும், பிரிக்கிறதை பம்ப் அவுட்டும்பாங்க. நீங்க வேலைக்கு வந்தா முதல் நாள் காதுல விழுற வார்த்தை அதுவாத்தான் இருக்கும். பொங்கல் வழக்கமா விழாவுக்கு நடுவுலதான் வரும். போன பொங்கலுக்கு அம்மா குடுத்து விட்ட சர்க்கரைப் பொங்கலை ராத்திரி பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு அஞ்சு பேர் ஒரே ஸ்பூன்ல சாப்பிட்டோம்.

கடைசியா காசு. மெயில்ல இதை எல்லாரும் ரொம்ப நாசூக்காக் கேட்டிருந்தீங்க. நேரடியாவே சொல்றேன். இது ஆஸ்திரேலியாக் கணக்கு. வேற நாட்டுல இருக்குறவங்க அங்கத்த விதியைப் பாத்துக்கோங்க.

விழாவுல மூணு வகை ஆள் ஒரே டீஷர்ட்ல நிப்பாங்க. கேஷுவல் ஊழியர், என்னை மாதிரி ஏபிஎன் வெச்சிருக்குற கான்ட்ராக்டர், வாலன்டியர். டீஷர்ட் ஒண்ணு, சட்டம் வேற. கேஷுவலுக்கு லீவுக்குப் பதிலா பொதுவா 25 சதவீதம் கூட வரும். கிறிஸ்துமஸ், பாக்சிங் டே, புத்தாண்டு மாதிரி நாள்ல வேலை பாத்தா வழக்கமா அதுக்குத் தனி ரேட். 2024 ஆகஸ்ட்ல இருந்து வேலை நேரத்துக்கு அப்புறம் வர்ற ஃபோனை நியாயமான காரணம் இருந்தா எடுக்காம இருக்குற உரிமையும் வந்திருக்கு. கான்ட்ராக்டருக்கு இது எதுவும் தானா வராது. காகிதத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான். "25, 26 ரெண்டு நாள் ஃபோனை மட்டும் ஆன்ல வெச்சுக்கோங்க, வேலை ஒண்ணும் இருக்காது"ன்னு என்கிட்ட ஒரு விழாவுல கேட்டாங்க. வேலை இருக்காதுன்னா ஃபோன் எதுக்குன்னு கேட்டு, நாளுக்கு அரைநாள் சம்பளம்னு எழுதி வாங்கினேன். ரெண்டு நாள்ல ஏழு தடவை அடிச்சுது.

மணிக்கணக்கா ரோஸ்டர் போட்டு, எப்போ வரணும், எங்க நிக்கணும், எப்படிச் செய்யணும்னு எல்லாமே அவங்க சொல்லி, "நீங்க ஏபிஎன் எடுத்துட்டு வந்துருங்க"ன்னு சொன்னா சந்தேகப்படுங்க. ஊழியரைக் கான்ட்ராக்டர்னு காட்டுறதை இங்க சட்டம் தடை பண்ணியிருக்கு. ஏபிஎன் இருந்தாலும் உங்க உழைப்புக்காக மட்டுமே போட்ட கான்ட்ராக்ட்னா சூப்பர் கட்ட வேண்டிய கடமை அவங்களுக்கு வரலாம். 2025 ஜூலையில இருந்து அது 12 சதவீதம். கேக்குறதுல கூச்சம் வேண்டாம்.

வாலன்டியர் விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு. லாப நோக்கமில்லாத சின்ன விழா, ரெண்டு மூணு ஷிஃப்ட், பதிலுக்கு இலவசப் பாஸ், நல்ல சிநேகிதங்கள்: தாராளமாப் போங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா போன சீசன்ல ஒரு யூனி தங்கச்சி, கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணு, அஞ்சு நாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஸ்கேனர் மொத்தத்தையும் ஒத்தையில பாத்துக்கிட்டா. சம்பளம் வாங்குற ஆள் பாக்கவேண்டிய வேலை. அந்த ஆள் லீவு. அவ கழுத்துல வாலன்டியர் அட்டை. மேனேஜர் அவளை "ராக்ஸ்டார்"னு கூப்பிட்டார். நானும் பிரின்ட் ட்ராஃபிக் அம்மாவும் போய்ப் பேசின அப்புறம் மீதி நாளுக்கு கேஷுவலா எடுத்தாங்க. முதல் அஞ்சு நாளுக்கு ஒண்ணும் தரல. அவ இந்த வருஷமும் விண்ணப்பம் போட்டிருக்கா, இந்தத் தடவை சம்பள வேலைக்கு, ரேட் கேட்டு.

இங்க கோடை விழாக்களுக்கு ஆள் எடுக்குற அறிவிப்பு பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்ல வரும். டெக் பக்கம் வரணும்னா சினிமாவைப் பத்தி நிறையத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. லினக்ஸ் கமாண்ட் லைன் பயமில்லாம இருக்கணும், யுடிசி கணக்கு மனசுல ஓடணும், ராத்திரி ரெண்டு மணிக்கும் லேபிள் ஒழுங்கா எழுதணும். டிசிபியை வீட்டுலயே செஞ்சு பழக டிசிபி-ஓ-மேட்டிக்னு ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு. உங்க வீட்டுக் கல்யாண வீடியோவுல ஒரு நிமிஷத்தைப் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் எத்தனை ஜிபி ஆகுதுன்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சப்டைட்டில் சண்டையை விரிவாப் பேசலாம்னு இருக்கோம், கேள்வி இருந்தா வியாழனுக்குள்ள அனுப்பிருங்க.